அடைத்த வாசல் – நந்தா தேவி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை புவியியல்)

இமயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எவரெஸ்ட்டைச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். உயரத்தில் முதலிடம் பெற்றதற்குக் கிடைத்த பெருமை அது. ஆனால் உச்சியைத் தொடுவது இருக்கட்டும், அடிவாரத்தில் கால் வைப்பதற்கே மனிதனை ஐம்பது ஆண்டுகள் அலைய வைத்த சிகரம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அந்த அடிவாரத்தில் மனிதன் கால் வைத்த பிறகு இன்னோர் ஐம்பது ஆண்டுகள்கூட முழுதாக முடியவில்லை. அதற்குள் "இனி யாரும் உள்ளே வரவேண்டாம்" என்று அரசாங்கமே வாசலை அடைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிகரத்தின் பெயர் நந்தா தேவி.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் துறை மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. 'இமயத்தில் மூடப்பட்ட பகுதிகளை மலையேறிகளுக்குத் திறந்துவிடலாமா?' என்பது தலைப்பு. 'திறக்கலாம்' என்ற அணியில் நான் பேசினேன். "இளைஞர்களின் துணிவுக்குப் பூட்டுப் போடலாமா? மலைக்கு வேலி கட்டும் நாடு எங்கேனும் உண்டா?" என்றெல்லாம் முழங்கினேன், கைதட்டலும் வாங்கினேன். பேசி முடித்ததும் தலைமை தாங்கிய பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வாசல் ஒரு காலத்தில் திறந்துதானே இருந்தது? அப்போது உள்ளே என்ன நடந்தது என்று படித்துப் பார்த்தாயா, அம்மா?"

நான் படித்திருக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் அமர்ந்துவிட்டேன். அன்று சொல்லாத விடையை இங்கே எழுதுகிறேன். ஓராண்டு தாமதத்தைப் பேராசிரியை பொறுத்தருள்வார் என்று நம்புகிறேன்.

மலையும் மதிலும்

நந்தா தேவியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் கல்விச் சுற்றுலா சென்றபோது குமாவுன் மலைநாட்டில் கௌசானி என்னும் சிற்றூரில் ஓரிரவு தங்கினோம். விடியற்காலையில் எங்களை எழுப்பி வெளியே நிறுத்தினார்கள். குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. வடக்கே இருள் மெல்ல விலகியது. திரிசூல் சிகரம் முதலில் சிவந்தது. அதற்கு அப்பால், பின்வரிசையில், இரட்டை முனையுடன் ஒரு மலை தலை காட்டியது. அதுதான் நந்தா தேவி என்றார் எங்களுடன் வந்த உள்ளூர்க்காரர், சொல்லும்போதே கைகூப்பிக்கொண்டார். கால் மணி நேரம் பார்த்திருப்போம். பிறகு மேகம் வந்து மூடிக்கொண்டது.

பின்வரிசையில் அது நிற்பதற்குக் காரணம் உண்டு. உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் அமைந்த நந்தா தேவியின் உயரம் 7,816 மீட்டர். அதாவது ஏறக்குறைய 25,640 அடி. உலகச் சிகரங்களின் வரிசையில் இருபத்து மூன்றாவது இடம். கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் உயர்ந்தது இதுவே என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. கஞ்சன்ஜங்கா நேபாள எல்லையில் நிற்கிறது. நந்தா தேவியோ எல்லைக்கோட்டைத் தொடாமல் நாட்டுக்குள்ளேயே நிற்கிறது. பிரதான உச்சிக்குக் கிழக்கே 7,434 மீட்டர் உயரத்தில் இன்னோர் உச்சி உண்டு. அதற்குக் கிழக்கு நந்தா தேவி என்று பெயர். இரண்டையும் கத்தி முனை போன்ற நீண்ட முகடு ஒன்று இணைக்கிறது. மலையின் அடியில் வடக்கிலும் தெற்கிலும் பனியாறுகள் ஓடுகின்றன. அவற்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு மலைச்சுவர் எழுந்து நிற்கிறது.

ஆனால் இந்த மலையின் தனித்தன்மை உயரத்தில் இல்லை. அதைச் சூழ்ந்திருக்கும் மதிலில் இருக்கிறது. ஒரு கோட்டையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுவே அரண்மனைபோல நந்தா தேவி. சுற்றிலும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளமுள்ள மலைமதில். திரிசூல் 7,120 மீட்டர், துனாகிரி 7,066 மீட்டர், சங்கபாங் 6,864 மீட்டர் என்று அந்த மதிலின் கொத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெருஞ்சிகரம். மதிலின் தாழ்ந்த இடங்கள்கூட 5,000 மீட்டருக்கு மேற்பட்டவை. இந்த வளையத்தில் ஒரே இடத்தில்தான் பிளவு உண்டு. உள்ளே உருகும் பனிநீர் முழுவதும் சேர்ந்து ரிஷி கங்கையாகி, மேற்குப் பக்கம் பாறையை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. ரேணி என்னும் சிற்றூரின் அருகே அது தௌலி கங்கையில் கலக்கிறது. நீர் வெளியேறும் அந்த மலையிடுக்குதான் கோட்டையின் வாசல். வாசல் என்று பேருக்குச் சொல்கிறோம். இரு பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே இரைச்சலிடும் வெள்ளம். ஆட்டிடையர்கள் கோடையில் வெளிப்புற மேய்ச்சல் நிலங்கள்வரை மந்தைகளை ஓட்டிச் செல்வர். அதற்கு மேலே அவர்களுக்கும் வழியில்லை.

வாசலைத் தேடியவர்கள்

1883-ஆம் ஆண்டு கிரஹாம் என்னும் ஆங்கிலேயர் இரண்டு சுவிட்சர்லாந்து வழிகாட்டிகளுடன் ரிஷி கங்கை இடுக்கில் நுழைய முயன்று திரும்பினார். 1905-இல் லாங்ஸ்டாஃப் என்னும் மருத்துவர் கிழக்கு மதிலின் மேல் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்தார், இறங்க முடியவில்லை. 1907-இல் அவரே திரிசூல் உச்சியை அடைந்தார். அந்நாளில் மனிதன் ஏறியிருந்த சிகரங்களில் அதுவே உயரமானது. ஆயினும் நந்தா தேவியின் அடிவாரம் அவருக்கு எட்டவில்லை. அல்மோராவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ரட்லெட்ஜ் என்பவர் 1920-களிலிருந்தே மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1932-இல் தெற்குப் பக்கம் முயன்று தோற்றுத் திரும்பினார்.

வாசல் திறந்தது 1934-இல். எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், ஆங் தார்க்கே, பசங், குசங் என்ற மூன்று ஷெர்ப்பாக்கள் – ஐந்தே பேர். பெரும்படையோ பெருஞ்செலவோ இல்லை. பாறையின் முகத்தில் சாய்ந்தும் தொங்கியும் கிடந்த மெல்லிய விளிம்புகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வழி கண்டார்கள். ஒரு விளிம்பு முடியும் இடத்தில் அடுத்த விளிம்பு தொடங்கியது. நடுவில் ஓர் இடம் அறுந்திருந்தாலும் வழியே இல்லாமற் போயிருக்கும். முதுகில் மூட்டையுடன் அந்த இடத்தை ஒருமுறை கடந்தால் போதாது. மீண்டும் திரும்பி வந்து அடுத்த மூட்டையை எடுத்துச் செல்ல வேண்டும். சில மைல் தூரத்துக்குப் பல நாட்கள் பிடித்தன.

இடுக்கைத் தாண்டியதும் அவர்கள் கண்டது பாறையும் பனியும் மட்டுமன்று. பசும்புல் வெளிகள், பூக்கள், மனிதரைக் கண்டு அஞ்சி ஓடத் தெரியாத பாரல் என்னும் மலையாட்டுக் கூட்டங்கள். மனிதனின் காலடி படாத நிலம். அந்த உட்பகுதியை மலையேறிகள் 'சேங்க்சுவரி' என்றே குறிப்பிடுவர். அடைக்கலம் தரும் புனித இடம் என்று அதற்குப் பொருள். நாம் இங்கே அதை 'உட்கோட்டை' என்று வைத்துக்கொள்வோம்.

உச்சியில் இருவர்

அடுத்த கட்டம் உச்சி. 1936-இல் ஆங்கிலேயரும் அமெரிக்கருமாக எண்மர் கொண்ட குழு வந்தது. முகாம் முகாமாக மேலே நகர்ந்தார்கள். உச்சிக்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஓடெல், ஹியூஸ்டன் என்ற இருவர். கடைசி முகாமில் கெட்டுப்போன டின் இறைச்சியைத் தின்று ஹியூஸ்டன் நோயுற்றார். அவரைக் கீழே அனுப்பிவிட்டு டில்மன் அவருடைய இடத்தில் சேர்ந்தார். 1936 ஆகஸ்டு 29-ஆம் நாள் டில்மனும் ஓடெலும் உச்சியில் நின்றார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான். ஓர் அடி வைத்தால் பலமுறை மூச்சு வாங்க வேண்டும். பிராணவாயு உருளைகளின் துணையின்றியே அவர்கள் ஏறினார்கள். 1950-இல் பிரெஞ்சுக்காரர்கள் அன்னபூர்ணாவை வெல்லும்வரை, பதினான்கு ஆண்டுகள், மனிதன் தொட்ட மிக உயர்ந்த உச்சி இதுவாகவே இருந்தது.

இந்த ஓடெல் யார் தெரியுமா? 1924-இல் எவரெஸ்ட்டின் உச்சியை நோக்கிச் சென்று மறைந்த மல்லோரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்ணால் கண்டவர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நாற்பத்தைந்தாம் வயதில், அவர் நந்தா தேவியின் உச்சியில் நின்றார்.

வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குழுவுடன் வந்த கித்தார் என்னும் ஷெர்ப்பா கீழ் முகாமில் நோயுற்று இறந்தார். உச்சியை அடைந்த அதே ஆகஸ்டு 29-ஆம் நாள், மலைக்குத் தெற்கே ஓடும் பிண்டார் ஆற்றில் வெள்ளம் வந்து தராலி என்னும் ஊரில் நாற்பது பேரை அடித்துச் சென்றது. தேவியின் சினம் என்று ஊர்மக்கள் கருதினார்கள். பருவமழைக் காலத்தில் மலையாறு பெருகுவது இயற்கை என்று புவியியல் மாணவி என்ற முறையில் நான் சொல்வேன். ஆனால் அந்த மக்கள் ஏன் அப்படிக் கருதினார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டாமா?

மகளின் மலை

கர்வால், குமாவுன் மக்களுக்கு நந்தா தேவி எங்கோ இருக்கும் தெய்வம் அல்லள். அவர்கள் வீட்டுப் பெண். சிவனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கயிலைக்குப் போனவள். பிறந்த வீட்டுக்கு வந்த மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்புவது போல அவளை வழியனுப்பும் திருவிழா ஒன்று நடக்கிறது. அதற்கு நந்தா தேவி ராஜ ஜாத் என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது மரபு. அண்மைக் காலத்தில் 1987, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. நௌட்டி என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு, எலும்புக்கூடுகளால் பேர்பெற்ற ரூப்குண்ட் ஏரியைக் கடந்து, ஹோம்குண்ட் வரை நடந்தே செல்கிறார்கள். நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று முன்னே நடக்கிறது. ஹோம்குண்டில் சீர்வரிசைகளை அதன் முதுகில் கட்டி மலையை நோக்கி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் மனிதர் போவதில்லை. மகளை வழியனுப்பும் தாய்வீட்டார் வாசலோடு நின்றுகொள்கிறார்கள்.

இன்னொரு மகளின் கதையும் இம்மலையோடு பிணைந்திருக்கிறது. வில்லி அன்சோல்ட் என்ற அமெரிக்க மலையேறி இளவயதில் இந்தச் சிகரத்தைத் தொலைவிலிருந்து கண்டார். எனக்கொரு மகள் பிறந்தால் இந்தப் பெயரைத்தான் வைப்பேன் என்று எண்ணிக்கொண்டார். 1954-இல் மகள் பிறந்தாள். நந்தா தேவி அன்சோல்ட் என்று பெயரிட்டார். வளர்ந்த மகளுக்குத் தன் பெயர் கொண்ட மலையில் ஏற வேண்டும் என்பது ஆசை. 1976-இல் தந்தையும் மகளும் ஒரே குழுவில் வந்தார்கள். செப்டம்பர் முதல் நாள் குழுவினர் மூவர் புதிய வழியில் உச்சியை அடைந்தனர். நந்தாவோ மேல் முகாமில் வயிற்று நோயால் துன்புற்றார். செப்டம்பர் 8-ஆம் நாள், 24,000 அடி உயரத்தில், தந்தையின் கண்முன்னே உயிர் பிரிந்தது. உடலைக் கீழே கொண்டுவர இயலாத இடம். மலையிடமே ஒப்படைத்துவிட்டு இறங்கினார்கள். அவருக்கு வயது இருபத்திரண்டு. நம்மில் பலரைவிட ஓரிரு ஆண்டே மூத்தவர்.

இவ்விரட்டை உச்சிகள் வேறு உயிர்களையும் கொண்டன. 1951-இல் துப்லா, விஞ்ஞ் என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் பிரதான உச்சியிலிருந்து முகட்டின் மேலேயே நடந்து கிழக்கு உச்சியைச் சேர முயன்று மறைந்தே போனார்கள். அவர்களைத் தேடும் முயற்சியில் கிழக்கு உச்சியில் ஏறியவர்களில் ஒருவர் டென்சிங் நார்கே. இரண்டாண்டு கழித்து எவரெஸ்ட்டை வென்ற அவரே, தம் வாழ்வில் மிகக் கடினமான ஏற்றம் கிழக்கு நந்தா தேவிதான் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த முகட்டைக் கடக்கும் செயல் 1976-இல்தான் இந்திய–ஜப்பானியக் குழுவினால் நிறைவேறியது.

பனியில் தொலைந்த பெட்டி

நம் நாட்டவரின் பங்கும் சிறியதன்று. 1964-இல் நரேந்திர குமார் தலைமையில் சென்ற இந்தியக் குழுவின் நவாங் கோம்பு, தாவா நோர்பு ஆகியோர் பிரதான உச்சியை இரண்டாம் முறையாக வென்றனர். 1981-இல் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா அய்த்வால் என்ற மூன்று பெண்கள் உச்சியை அடைந்தனர். அந்த உச்சியில் நின்ற முதல் பெண்கள் அவர்களே. சொற்போரில் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் நான் கைதட்டல் வாங்கினேன்.

ஆனால் இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே யாரும் மேடையில் பெருமையுடன் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. 1964 அக்டோபரில் சீனா முதல் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அடுத்த சோதனைகளை உளவறிய ஒரு கருவியை இமயத்தின் உச்சியில் பொருத்த வேண்டும் என்று அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் இந்திய உளவுத் துறையும் சேர்ந்து திட்டமிட்டன. கருவிக்கு மின்சாரம் தருவதற்குப் புளுட்டோனியத்தின் வெப்பத்தால் இயங்கும் மின்னாக்கி ஒன்று. 1965 அக்டோபரில் அதைச் சுமந்து ஏறிய குழு பனிப்புயலில் சிக்கியது. பெட்டிகளை மேலேயே பாறையில் கட்டிவைத்துவிட்டு உயிர் தப்பி இறங்கினார்கள். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தபோது மின்னாக்கியைக் காணவில்லை. பனிச்சரிவு அடித்துச் சென்றிருக்கும் என்பதே கணிப்பு. 1978-இல் செய்தி வெளியாகி, பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தார். அறிவியலாளர் குழு அமைக்கப்பட்டது. ஆற்று நீரில் கதிரியக்கக் கலப்பு காணப்படவில்லை என்றார்கள். ஆனால் பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை. ரிஷி கங்கை கடைசியில் கங்கையில் சேர்கிறது என்பதை நினைத்தால் இந்தச் சிறு பெட்டியின் கனம் விளங்கும்.

திறந்த வாசல்

எல்லை நிலைமை காரணமாகச் சில காலம் வெளிநாட்டாருக்கு மூடியிருந்த உட்கோட்டை 1974-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இனி பேராசிரியையின் கேள்விக்கு நேராக வருகிறேன். அப்போது உள்ளே என்ன நடந்தது?

ஷிப்டனும் டில்மனும் விளிம்பு விளிம்பாகத் தேடிய வழி பழகிய பாதையாயிற்று. குழுக்கள் ஆண்டுதோறும் வந்தன. ஒவ்வொரு குழுவிலும் மலையேறிகள் பத்துப் பேர் என்றால் அவர்களுடைய சுமைகளைத் தூக்கி வருவோர் அதற்குப் பன்மடங்கு. அத்தனை பேருக்கும் இரு வேளை சமைக்க விறகு வேண்டும். அந்த உயரத்தில் விறகு என்பது ஜூனிப்பர் புதர்தான். கடுங்குளிரில் ஒரு புதர் வளர்ந்து தடிப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டி எரிப்பதற்கு ஓர் இரவு போதும். வழி தெரிந்ததும் வேட்டைக்காரர்களும் வந்தார்கள். கத்தூரி மான் வாசனைப் பொருளுக்காகக் கொல்லப்பட்டது. முகாம் போட்ட இடமெல்லாம் டின்கள், கயிறுகள், கிழிந்த கூடாரங்கள்! குளிர்ப் பிரதேசத்தில் எதுவும் எளிதில் மட்குவதில்லை; போட்டது போட்டபடி கிடக்கும்.

1982-இல் அரசு அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்து, மலையேற்றம், மேய்ச்சல் இரண்டையும் நிறுத்தியது. பரப்பு ஏறக்குறைய 630 சதுர கிலோமீட்டர். 1988-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. 1993-இல் நம் ராணுவத்தின் பொறியாளர் படையினர் ஆய்வாளர்களுடன் உள்ளே சென்றனர். முன்னே சென்றவர்கள் விட்டுப்போன குப்பையில் ஏறக்குறைய ஒரு டன் அளவைச் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். மூடிய பத்தாண்டுகளில் புதர்களும் விலங்குகளும் மீண்டுவரத் தொடங்கியிருந்தன என்பதே அவர்கள் கொண்டுவந்த நற்செய்தி.

இதைப் படித்தபோது என் அணியின் வாதம் எனக்குள்ளேயே சரிந்தது. ஷிப்டன் தவறு செய்தாரா? இல்லை. டில்மனும் ஓடெலும், நம் மூன்று பெண்மணிகளும் தவறு செய்தார்களா? இல்லவே இல்லை. ஒவ்வொருவரும் தம் துணிவால் சென்றவர்கள். ஆனால் அவ்வளவு காலமும் அந்த மலையைக் காத்தது எந்தச் சட்டமும் அன்று. வழியில்லாமையே அதற்குக் காவல். அந்தக் காவலை மனிதன் வென்றுவிட்டான். வென்ற பின், காவல் காக்கும் பொறுப்பு வென்றவனையே சேர்கிறது.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இத்தோடு முடித்திருந்தால் நான் அணி மாறினேன் என்பது மட்டுமே செய்தியாக இருக்கும். ஆனால் மேலும் படிக்கப் படிக்க வேறொரு கேள்வி எழுந்தது. வாசலை அடைத்தபோது வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்?

ரிஷி கங்கையின் வாயிலில் இருக்கும் ரேணி ஊரை முன்பே குறிப்பிட்டேன். 1974 மார்ச் 26-ஆம் நாள், ஊர் ஆண்கள் வெளியே சென்றிருந்த நேரம் பார்த்துக் காட்டை வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவி என்ற கைம்பெண் தலைமையில் இருபத்தேழு பெண்கள் மரங்களைக் காத்து நின்றார்கள். இரவு முழுவதும் காவலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 'சிப்கோ' என்று உலகம் இன்று போற்றும் இயக்கத்தின் திருப்புமுனை அது. காட்டைக் காப்பாற்றிய அதே ஊரும் அதன் பக்கத்து ஊரான லாத்தாவும்தான் 1982-இல் மேய்ச்சல் நிலத்தையும் மூலிகை சேகரிக்கும் உரிமையையும் வழிகாட்டுதல், சுமை தூக்குதல் ஆகிய பிழைப்பையும் ஒருசேர இழந்தன. குப்பையைப் போட்டவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்; தண்டனை ஊர்க்காரர்களுக்கு! 1998-இல் லாத்தா மக்கள் தடையை மீறிப் பூங்காவுக்குள் நடந்து சென்று தங்கள் உரிமையைக் கேட்டார்கள். 2003-இல்தான் பூங்காவின் விளிம்புப் பகுதி மட்டும், குறைந்த எண்ணிக்கையில், உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்வோருக்குத் திறக்கப்பட்டது.

2021 பிப்ரவரி 7-ஆம் நாள் அந்த ஊர்கள் இன்னொரு விலையும் கொடுத்தன. ரிஷி கங்கையின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில், ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெருந்துண்டாகப் பெயர்ந்து விழுந்தன. அவை நீரும் சேறுமாகி ஆற்றோடு பாய்ந்து, ரேணிக்கு அருகிலிருந்த நீர்மின் நிலையத்தைத் துடைத்தெறிந்தன. கீழே தபோவனத்தில் கட்டப்பட்டுவந்த மற்றொரு மின்திட்டத்தின் சுரங்கத்திலும் தொழிலாளர்கள் சிக்கினர். இறந்தோரும் காணாமற் போனோரும் இருநூற்றுக்கு மேல். தொலைந்த அந்தப் பெட்டிதான் காரணமோ என்று ஊர்மக்களில் சிலர் ஐயுற்றார்கள். ஆய்வாளர்கள் காட்டிய காரணம் மலைச்சரிவு. ஆயினும் அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தம் வீட்டுக்கு மேலே ஓர் ஆபத்தைத் தம்மைக் கேளாமலே கொண்டுபோய் வைத்தவர்கள்மீது அவர்களுக்கு நம்பிக்கை எப்படி வரும்?

என் விடை

எனவே, பேராசிரியைக்கு என் விடை இது. திறந்திருந்தபோது உள்ளே என்ன நடந்தது என்று படித்துவிட்டேன், அம்மா. நந்தா தேவியின் உட்கோட்டை மலையேறிகளுக்கு மூடியே இருக்கட்டும். ஆனால் ஊரின் பிழைப்பை ஊருக்குத் திருப்பிக் கொடுக்காமல் போடும் பூட்டு நியாயமான பூட்டு ஆகாது. சாவியைக் காப்பவர்களில் முதலிடம் ரேணிக்கும் லாத்தாவுக்கும் இருக்க வேண்டும். தங்கள் மகளின் வாசலில் எங்கே நிற்பது என்பது மற்ற யாரையும்விட அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஆசை இல்லையா என்றால், இருக்கிறது. கௌசானியில் கண்ட அந்தக் கால் மணி நேரம் போதும் என்று சொன்னால் அது பொய். அந்தப் புல்வெளியில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதே ஆசை கொண்ட ஆயிரம் பேரில் நானும் ஒருத்தி. ஆயிரம் பேரும் நின்ற பிறகு அங்கே புல்வெளி இராது.

அடுத்த முறை கௌசானிக்குச் செல்லும் நம் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் சோம்பல் பாராமல் எழுந்துவிடுங்கள். திரிசூலுக்கு அப்பால், பின்வரிசையில் பாருங்கள். மேகம் வந்து மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.